“என் காசை நான்தானே மாற்றுகிறேன், அதற்கு ஏன் தண்டம்?”

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 46, முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. 2013இல் கணவரின் ஸ்பொன்சரில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடா வந்தவர். ஓவர்டைம் காசையும் சீட்டு எடுத்த காசையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் ரிஎஃப்எஸ்ஏயில், அதாவது வரியில்லாச் சேமிப்புக் கணக்கில், போட்டு வந்திருக்கிறார். 2024 முடியும் வரை போட்ட மொத்தம் 74,000 டொலர். 2025 மே மாதம் மகளின் சாமத்திய வீட்டு ஹோலுக்கும் சாப்பாட்டுக்கும் அதிலிருந்து 12,000 எடுத்தார். செப்டெம்பரில் இன்னொரு வங்கி ஐந்து மாதத்துக்கு 4 சதவீத வட்டி தருவதாக விளம்பரம் செய்ய, அங்கே புதிதாக ஒரு ரிஎஃப்எஸ்ஏ திறந்தார். பழைய வங்கியிலிருந்து 6,000ஐத் தன் செக்கிங் கணக்குக்கு எடுத்து, அங்கிருந்து புதிய கணக்கில் போட்டார்.

பழைய வங்கியில் இப்போது மிச்சம் 65,000. அதில் 16,000 அரை சதவீத வட்டி தரும் சேமிப்பில் கிடக்கிறது. 30,000 ஜிஐசியில், அதாவது குறித்த காலத்துக்குப் பூட்டிய வைப்பில், 2026 மார்ச்சில் முதிர்கிறது. 19,000 அந்த வங்கியின் சொந்த மியூச்சுவல் ஃபண்டில். 2025 நவம்பர் முடிவதற்குள் சேமிப்பில் உள்ளதையும் ஃபண்டை விற்ற காசையும் சேர்த்து 35,000ஐ எடுத்துப் புதிய வங்கியில் போடப் போகிறாராம். அவர் சொல்லும் காரணங்கள் இவை: அத்தான் போன மார்ச்சில் 25,000ஐ இப்படித்தான் மாற்றினார், ஒரு பிரச்சினையும் வரவில்லை. வங்கி மூலம் மாற்றினால் 75 டொலரும் எச்எஸ்ரி விற்பனை வரியும் கேட்கிறார்கள். வருமான வரி இணையப் பக்கத்தில் இன்னும் 8,000 போடலாம் என்றே காட்டுகிறது, ஆகவே செப்டெம்பரில் போட்ட 6,000 கணக்கில் சேரவில்லை என்கிறார். அதோடு கனடாவில் எல்லாருக்கும் ரிஎஃப்எஸ்ஏயில் 102,000 வரை இடம் (போட அனுமதிக்கும் அளவு, அதை மீறினால் தண்டம்) உண்டு என்று ஒரு உறவினரும் சொல்லியிருக்கிறார். “என் காசை நான்தானே மாற்றுகிறேன், அதற்கு ஏன் தண்டம்?” என்று கேட்கிறார். புதிய வங்கியை நம்பலாமா, கணவர் பெயரையும் சேர்க்கலாமா, மகளுக்கும் ஒன்று திறக்கலாமா என்று கடைசியில் இன்னும் மூன்று கேள்விகள்.

சகோதரி, இந்த நிமிடம் வரை நீங்கள் தண்டம் கட்ட வேண்டிய எதையும் செய்யவில்லை. நவம்பர் திட்டம்தான் ஆபத்து. அதை நிறுத்தி வையுங்கள்.

காசு உங்களுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சிஆர்ஏ, அதாவது கனடா வருவாய் முகமை, காசு யாருடையது என்று பார்ப்பதில்லை. அது எந்த வழியால் போனது என்றுதான் பார்க்கிறது. ஒரு ரிஎஃப்எஸ்ஏயிலிருந்து இன்னொரு ரிஎஃப்எஸ்ஏக்கு இரண்டு வங்கிகளும் தங்களுக்குள் நேரடியாக அனுப்பினால் அது வெறும் மாற்றம். உங்கள் அளவில் ஒரு டொலரும் குறையாது. அதே காசு இடையில் உங்கள் செக்கிங் கணக்குக்கோ பாங்க் டிராஃப்டாகக் கைக்கோ வந்து போனால், அது ஒரு எடுப்பும் ஒரு புதிய வைப்பும். எடுத்த தொகைக்கான இடம் அடுத்த ஜனவரி 1ஆம் தேதிதான் திரும்பக் கிடைக்கும். புதிதாகப் போட்டதோ அன்றைக்கே கணக்கில் ஏறிவிடும். இந்த இடைவெளியில்தான் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் மாட்டுப்படுகிறார்கள்.

உங்களுக்கு மிச்சம் இருப்பது 2,000 டொலர்

102,000 என்பது பொய்யான எண் அல்ல. ரிஎஃப்எஸ்ஏ தொடங்கிய 2009இலேயே 18 வயதைக் கடந்து, அன்றிலிருந்து கனடாவிலேயே வசிப்பவருக்கு 2025 வரை சேர்ந்த மொத்த இடம் அது. உங்களுக்கு எண்ணிக்கை நீங்கள் வந்த 2013இல்தான் தொடங்குகிறது. அந்த ஆண்டு எந்த மாதத்தில் வந்து இறங்கியிருந்தாலும் அந்த ஆண்டுக்கான அளவு முழுதாகக் கிடைக்கும். 2013க்கும் 2014க்கும் 5,500 வீதம், 2015க்கு 10,000, 2016 முதல் 2018 வரை 5,500 வீதம், 2019 முதல் 2022 வரை 6,000 வீதம், 2023க்கு 6,500, 2024க்கும் 2025க்கும் 7,000 வீதம். கூட்டினால் 82,000.

அதில் 74,000 போட்டுவிட்டீர்கள், மிச்சம் 8,000. இணையப் பக்கம் காட்டும் 8,000 இதுதான், ஆனால் அது 2025 ஜனவரி 1ஆம் தேதிக் கணக்கு. ரிஎஃப்எஸ்ஏயில் நடந்ததை வங்கிகள் ஆண்டுக்கு ஒரு முறை, அடுத்த பெப்ரவரி கடைசிக்குள் தான் சிஆர்ஏக்கு அறிவிக்கின்றன. நீங்கள் செப்டெம்பரில் போட்ட 6,000 அந்தப் பக்கத்துக்கு இன்னும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆகவே இன்று உங்கள் உண்மையான இடம் 2,000 மட்டும். மே மாதம் எடுத்த 12,000உம் செப்டெம்பரில் எடுத்த 6,000உம் தை பிறக்க முன்னரே, ஜனவரி 1 அன்று திரும்ப வந்துவிடும். அதுவரை அவை இல்லாத மாதிரிதான். உள்ளே சேர்ந்த வட்டியும் லாபமும் இந்தக் கணக்கில் வராது, அவற்றை விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் திட்டத்தைப் பாருங்கள். 2,000க்கு இடமுள்ள ஒருவர் 35,000 போட்டால் மிகை 33,000. மிகைக்கு மாதம் 1 சதவீதம் வரி, அதாவது 330 டொலர். மாதத்தில் எந்த நாளிலாவது இருந்த மிகக் கூடிய மிகைத் தொகைக்குத்தான் இந்த வரி. நவம்பர் 28ஆம் தேதி போட்டாலும் நவம்பர் முழுவதற்கும் கட்ட வேண்டும். டிசம்பரையும் சேர்த்தால் 660. ஆர்ஆர்எஸ்பியில், அதாவது ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தில், 2,000 டொலர் வரை கூடிப்போனால் தண்டம் இல்லை, இதிலும் அப்படித்தானே என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. இல்லை. ரிஎஃப்எஸ்ஏயில் முதல் டொலரிலிருந்தே எண்ணுவார்கள்.

இதற்குப் பதிலாகக் கிடைக்கப் போகிற வட்டி எவ்வளவு? அரை சதவீதத்துக்கும் 4 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் 16,000 டொலருக்கு மாதம் கிட்டத்தட்ட 47 டொலர். அவ்வளவுதான்.

அத்தானுக்கு ஏன் கடிதம் வரவில்லை

நான் மேலே சொன்ன அதே காரணம். அவர் 2025 மார்ச்சில் செய்தது சிஆர்ஏயின் கண்ணில் படுவது 2026இல்தான். ‘கடிதம் வரவில்லை’ என்பதை ‘பிழை இல்லை’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு அப்போது 25,000 டொலருக்கு இடம் மீதி இருந்திருந்தால் உண்மையிலேயே பிரச்சினை இல்லை. அதை அவருடைய வங்கிக் கூற்றுகளை வைத்துத்தான் சொல்லலாம். இடமே இருக்கவில்லை என்றால் மாதம் 250 டொலர் வீதம் மார்ச்சிலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் மிகையை இந்த நவம்பரிலேயே வெளியே எடுக்கச் சொல்லுங்கள். டிசம்பருக்கான வரியையாவது தவிர்க்கலாம், எடுத்ததை ஜனவரியில் திரும்பவும் போடலாம். ஆர்சி243 என்ற படிவத்தை 2026 ஜூன் 30க்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். நியாயமான தவறுதலால் நடந்தது, தெரிந்தவுடன் தாமதிக்காமல் எடுத்துவிட்டேன் என்று எழுதிக் கேட்டால் வரியைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் சிஆர்ஏக்கு உண்டு. செய்தே ஆக வேண்டும் என்றில்லை. கடிதம் வரும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ‘தாமதிக்காமல் எடுத்தேன்’ என்று எழுத முடியாது, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். அத்தானிடம் இதைச் சொல்வது சங்கடம்தான். இந்தப் பகுதியை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

வங்கி மூலம் மாற்றுவது எப்படி

பழைய வங்கிக்குப் போய் ‘மாற்றித் தாருங்கள்’ என்று கேட்பதுதான் முதல் பிழை. அங்குள்ளவர் நல்ல மனத்தோடு கணக்கை மூடி டிராஃப்ட் எழுதித் தந்துவிடுவார். போக வேண்டியது புதிய வங்கிக்கு. ரிஎஃப்எஸ்ஏ மாற்றுப் படிவம் அவர்களிடம் இருக்கும், நிரப்பிக் கையெழுத்து வைத்தால் அவர்கள் பழைய வங்கிக்கு அனுப்பிக் காசைத் தருவிப்பார்கள். பழைய கணக்கின் அண்மைய கூற்று ஒன்றைக் கொண்டுபோங்கள். இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கலாம், சில நேரம் அதற்கு மேலும் இழுக்கும்.

படிவத்தில் பெயரைக் கவனியுங்கள். எங்கள் ஆட்களின் படிவங்கள் திரும்பி வருவதற்கு நான் காணும் பெரிய காரணம் இதுதான். வந்த புதிதில் திறந்த கணக்கில் தகப்பன் பெயர் கடைசிப் பெயராக இருக்கும். குடியுரிமை எடுத்த பிறகு திறந்த கணக்கில் கணவர் பெயர் இருக்கும். சிலருக்கு ஒரு வங்கியில் தமிழ்க் கையெழுத்து, மற்றதில் ஆங்கிலக் கையெழுத்து. பழைய வங்கி ‘ஆள் பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்பும், உங்களுக்கு யாரும் சொல்லவும் மாட்டார்கள். படிவம் போக முன்னர் இரண்டு இடத்திலும் பெயரை ஒன்றாக்குங்கள்.

75 டொலர் கட்டணமும் 13 சதவீத எச்எஸ்ரியும் சேர்ந்தால் 84 டொலர் 75 சதம். அநியாயமான தொகை இல்லை, வழக்கமாகக் கேட்பதுதான். பல வங்கிகள் புதிதாக வரும் வாடிக்கையாளருக்கு இதைத் திருப்பிக் கொடுக்கும், ஆனால் கேட்டால்தான். குறைந்தது எவ்வளவு மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். வாய்ச்சொல்லாக விடாமல் மின்னஞ்சலில் வாங்கி வைத்திருங்கள்.

ஜிஐசியை மார்ச்சுக்கு முன் அசைக்க முடியாது. அங்கே இரண்டு பொறி. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் முதிர்கிற அன்றே அது தானாக இன்னொரு தவணைக்குப் புதுப்பிக்கப்பட்டுவிடக் கூடும். அல்லது ‘புதுப்பிக்க வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால், காசை உங்கள் செக்கிங் கணக்கில் போட்டுவிடுவார்கள், அது எடுப்பாகிவிடும். ஆகவே பெப்ரவரியிலேயே எழுத்தில் கொடுங்கள்: முதிர்ந்த தொகை அதே ரிஎஃப்எஸ்ஏக்குள் உள்ள சேமிப்புக்குப் போக வேண்டும், வெளியே வரக் கூடாது.

மியூச்சுவல் ஃபண்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது அந்த வங்கியின் சொந்த ஃபண்ட் என்பதால் அப்படியே தூக்கிக்கொண்டு போவது அநேகமாக நடக்காது, விற்றுக் காசாகத்தான் மாற்ற வேண்டும். ரிஎஃப்எஸ்ஏக்குள் விற்றால் லாபத்துக்கு வரியில்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ஃபண்டை விற்று 4 சதவீதச் சேமிப்பில் போடுவதை வங்கி மாற்றம் என்று நினைக்காதீர்கள். அது முதலீட்டையே மாற்றுவது. இந்த 19,000 இன்னும் ஏழெட்டு ஆண்டுக்குத் தேவைப்படாத காசு என்றால், ஐந்து மாதச் சலுகைக்காக அதைச் சேமிப்பில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபண்டின் ஆண்டுக் கட்டணம் கூட என்பது உங்கள் குறையானால், புதிய இடத்தில் குறைந்த கட்டண ஈரிஎஃப் (பங்குச் சந்தையில் வாங்கும் ஃபண்ட்) வாங்கலாமா என்று ஆறுதலாகப் பாருங்கள்.

கட்டணமே இல்லாமல் ஒரு வழி

இடம் ஜனவரி 1 அன்று திரும்புகிறது என்ற விதி உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். சேமிப்பில் உள்ள 16,000ஐ டிசம்பர் நடுப்பகுதியில் எடுங்கள், ஜனவரி முதல் வாரத்தில் புதிய வங்கியில் போடுங்கள். படிவமும் இல்லை, 75 டொலரும் இல்லை, தண்டமும் இல்லை. 2026க்கான ஆண்டு அளவும் 7,000. அன்று உங்கள் இடம் இப்படி இருக்கும்: மிச்சம் 2,000, புதியது 7,000, எடுத்தவை 12,000, 6,000, 16,000. ஆக 43,000. அதில் 16,000 போட்டாலும் 27,000 மீதி.

டிசம்பர் கடைசி வாரம் வரை இழுக்க வேண்டாம். விடுமுறை நாட்களில் எதுவும் நகராது. டிசம்பர் 31க்குள் காசு ரிஎஃப்எஸ்ஏயை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். வந்தது ஜனவரி 2 என்று பதிவானால் இடம் திரும்ப 2027 ஆகிவிடும். ஜனவரியில் போடும் காசுக்கும் அந்த 4 சதவீதம் உண்டா, ஐந்து மாதம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது, முடிந்த பிறகு என்ன வட்டி என்று முதலே கேளுங்கள். செப்டெம்பரில் திறந்த கணக்குக்குச் சலுகை பெப்ரவரியோடு முடிகிறது என்றால், இந்த மாற்றத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை.

இன்னொன்று, இது வங்கி விதி இல்லை, நான் பார்த்தது. செக்கிங் கணக்கில் மூன்று வாரம் 16,000 இருந்தால் அதற்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். யாரோ ஒருவருக்குச் சீட்டுக்கு அவசரம், யாரோ ஒருவருக்கு ஊரில் கூரை ஒழுகும். யாருக்கும் சொல்லாமல் வைத்திருங்கள்.

இதே வழியை மார்ச்சில் ஜிஐசிக்குச் செய்யலாமா என்று தோன்றும். முடியாது, 27,000 இடத்துக்குள் 30,000உம் அதன் வட்டியும் அடங்காது. அதற்கு வங்கி மாற்றுப் படிவம்தான். ஃபண்டையும் மாற்றுவதென்று முடிவெடுத்தால் அதோடு சேர்த்து ஒரே படிவத்தில் அனுப்புங்கள், கட்டணம் ஒரு முறைதான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படித்தான் செய்வேன்: டிசம்பரில் 16,000, மற்றது எல்லாம் மார்ச்சில்.

மற்ற மூன்று கேள்விகள்

புதிய வங்கிக்குக் கிளை இல்லை, இணையத்தில் மட்டும் நடக்கிறது என்பதால் பயப்படுகிறீர்கள். அது சிடிஐசி என்ற கனடா வைப்புக் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தில் உறுப்பினரா என்று சிடிஐசியின் இணையப் பக்கத்தில் பாருங்கள். உறுப்பினர் என்றால், வங்கி விழுந்தாலும் ரிஎஃப்எஸ்ஏக்குள் உள்ள சேமிப்புக்கும் ஜிஐசிக்கும் சேர்த்து 100,000 டொலர் வரை காப்பு உண்டு. உங்கள் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு உள்ள காப்பு வேறு, இது வேறு. மியூச்சுவல் ஃபண்டுக்கு இந்தக் காப்பு இல்லை, பெரிய வங்கியில் இருந்தாலும் இல்லை.

கணவரோடு கூட்டாக ரிஎஃப்எஸ்ஏ திறக்க முடியாது, அது தனி ஒருவருக்கானது. ஆனால் அவரை ‘சக்சஸர் ஹோல்டர்’ என்று குறிப்பிடலாம். உங்களுக்கு ஏதாவது நடந்தால் கணக்கு அப்படியே அவருடையதாகிவிடும், அவருடைய சொந்த இடம் குறையாது. வெறும் ‘பெனிஃபிஷியரி’ (பயனாளி) என்று எழுதினால் நீங்கள் இறந்த பிறகு அதில் வரும் லாபத்துக்கு அவர் வரி கட்டுவார், அதைத் தன் ரிஎஃப்எஸ்ஏயில் சேர்க்கத் தனிப் படிவமும் காலக்கெடுவும் உண்டு. பழைய வங்கியில் அவர் பெயரைக் கொடுத்தது புதிய வங்கிக்குத் தானாக வராது. செப்டெம்பரில் இணையத்தில் கணக்குத் திறந்தபோது அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாருங்கள்.

மகளுக்கு 13 வயது என்கிறீர்கள். 18 ஆகும் வரை ரிஎஃப்எஸ்ஏ இல்லை. ஆனால் அவருக்கு ஆர்ஈஎஸ்பி, அதாவது கல்விச் சேமிப்புத் திட்டம், திறந்ததாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. திறக்கவில்லை என்றால், டிசம்பரில் எடுக்கும் 16,000இல் 5,000ஐப் புதிய வங்கிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆர்ஈஎஸ்பியில் ஆண்டுக்கு முதல் 2,500க்கு அரசு 20 சதவீதம், அதாவது 500 டொலர், சேர்த்துத் தருகிறது. முந்தைய ஆண்டுகளில் எடுக்காமல் விட்டதையும் பிடிக்கலாம், ஆனால் ஆண்டுக்கு மொத்தம் 1,000 டொலருக்கு மேல் தர மாட்டார்கள். ஆகவே 17 வயதுக்குள் பிடிப்பதற்கு உங்களுக்கு 2025ஐயும் சேர்த்து ஐந்து ஆண்டுகள்தான் இருக்கின்றன. மகளின் சமூகக் காப்புறுதி எண்ணோடு டிசம்பர் முதல் வாரத்திலேயே வங்கியில் நேரம் கேளுங்கள், 31ஆம் தேதிக்குள் அந்த 5,000 உள்ளே போயிருக்க வேண்டும்.